ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்

மருந்து விழுந்தபோது பாப்பா கண்ணைச் சிமிட்டவில்லை.

முதலில் அதைப் பாப்பாவின் அம்மா பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது என்ன லேசுப்பட்ட வேலையா? மற்ற வீடுகளில் ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, ஊரே கேட்கும்படி ஓர் அலறல் நடந்து, கடைசியில் மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் போய்ச் சேரும். இங்கே அந்தக் கூத்தெல்லாம் கிடையாது. பாப்பாவின் தலையைத் தன் வயிற்றில் சாய்த்து, கட்டைவிரலால் வலது கண்ணின் கீழிமையை வெளியே இழுத்து, சின்னக் கிண்ணம்போல ஏந்தி, அதற்குள் சொட்டு விட்டாள். பிறகு இமைகளைச் சேர்த்து மூடி, ஒரு மூச்சு நேரம் பிடித்திருந்து விட்டாள். இடது கண்ணில் கட்டியிருந்த பீளையை ஈரப் பஞ்சால் துடைத்தாள்.

"ஆச்சு, ஆச்சு. அவ்வளவுதான்," என்றாள்.

பாப்பாவுக்கு இரண்டு கண்ணும் பொங்கிச் சிவந்திருந்தன. தெருமுனைக் கண் டாக்டரம்மா, 'சாதாரணக் கண்வலின்னு விட்டுடாதீங்க, கருவிழியில இறங்கிடுச்சுன்னா பார்வைக்கே ஆபத்து' என்று கண்டிப்பாகச் சொல்லி மருந்து எழுதித் தந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு. பகலில் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். மருந்து விடுவதை மட்டும் அவள் யாரிடமும் விடவில்லை. வேலை செய்யும் இடம் இரண்டு தெரு தள்ளித்தான். மத்தியான இடைவேளையில் ஓடி வந்துவிடுவாள். கண்ணில் மருந்து விடுவதில் அவளுடைய கைக்குத் தனிப் பேர் உண்டு. அந்தப் பேரை அவள் எங்கே சம்பாதித்தாள் என்பதைத்தான் அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்வதில்லை.

கை கழுவும்போதுதான் அது உறைத்தது. இமையைத் தான் மூடும்வரை அந்தக் கண் திறந்தேதான் இருந்தது. கருவிழியின் மேல் மருந்துத் துளி நிற்க, கண் பாட்டுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மனுஷப் பிள்ளையால் அப்படி இருக்க முடியாதே என்று நினைத்தாள். அப்போதுதான் முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. மிகச் சின்ன மூக்கு ஒன்று, வேகவேகமாக, விட்டு விட்டுக் காற்றை முகர்கிற சத்தம். குழாயை மூடினாள். சத்தமும் நின்றது.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அவள் வேலை பார்க்கும் கம்பெனி முகத்துக்குப் பூசுவது, உதட்டுக்குப் பூசுவது, கண்ணுக்குத் தீட்டுவது எல்லாம் தயாரிக்கிறது. கட்டிடத்தின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கால் வைத்தாலே பூ வாசனை. அவள் போவது பின்பக்கம். அங்கே ஒரு சாம்பல் நிறக் கதவு, அதற்குப் பின்னால் இன்னொரு கதவு, அதற்கும் பின்னால் முயல்கள். வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கு வெளியேயும் ஒரு தலை. உடம்பு உள்ளே பூட்டியிருக்கும். எரிகிற கண்ணை முன்னங்காலால் தேய்த்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வலது கண்ணில் சோதனைச் சரக்கை விட வேண்டும். இடது கண்ணைத் தொடக் கூடாது. அது ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு நாள்தோறும் டார்ச் அடித்து, தொட்ட கண்ணுக்கும் தொடாத கண்ணுக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில் அவளுக்குப் பல வருஷம் ஓடிவிட்டது. கை யோசிக்காது, அதுபாட்டுக்குச் செய்யும்.

இந்த வருஷத்துப் புதுச் சரக்கு, அழுதாலும் கலையாத கண்மை. கல்யாணப் பெண்ணும் தீட்டிக்கொள்ளலாம், சாவு வீட்டுக்கும் தீட்டிக்கொண்டு போகலாம், மை நின்ற இடத்தில் நிற்கும். அதைச் சோதிக்க முயலை ஏன் பிடித்தார்கள் என்றால், முயலுக்குக் கண்ணீர் குறைவு. கண்ணில் விழுந்ததைக் கழுவி வெளியே தள்ள அதனால் ஆகாது. அழுகைக்குக் கலையாத மையை, அழ முடியாத பிராணியின் கண்ணில் விட்டுப் பார்க்கிறார்கள். இதை யோசித்துக் கண்டுபிடித்த மகராசன் நிச்சயம் நிறையப் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த அறைக்குப் பொறுப்பாளராக இருப்பவரை எல்லோரும் சென்ட் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். உள்ளே வருவதற்கு முன் கம்பெனி வாசனைத் தண்ணீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டுதான் வருவார். ஆரம்பத்தில் அவள் ஒருமுறை அழுதபோது சென்ட் சொன்ன சமாதானம் இதுதான்: "நாம செய்யலைன்னா வேற யாராவது செய்யத்தான் போறாங்க. நீ செஞ்சா அதுங்களுக்கு வலி கம்மியா இருக்கும். உன் கை அப்படி." அந்தப் புகழ்ச்சியைக் கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு முயலுக்கும் சொட்டு விட்டபின் 'ஆச்சு, ஆச்சு, அவ்வளவுதான்' என்று சொல்லவும் ஆரம்பித்தாள். ஏதோ அதுவாவது செய்கிறோம் என்று ஒரு திருப்தி.

வீட்டில் சத்தம் மறுநாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது. சாயங்காலம் வெயில் ஜன்னலை விட்டு இறங்கி, விளக்குப் போடலாமா வேண்டாமா என்று இருக்கும் நேரத்தில்தான் அது தொடங்கும். பீரோவுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல இருக்கும். போய்ப் பார்த்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து வரும். குனிந்து பார்த்தால் சமையலறைப் பக்கம் போயிருக்கும். கூடவே ஒரு வாசனை. உலர்ந்த புல்லும், ஈரத் தகரமும், மூத்திரமும் கலந்த அந்த வாசனையை அவள் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மாற்றுத்துணி உடுத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவாள். அதுவோ இப்போது அவளுக்கு முன்னாலேயே வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தது. கைப்பையைக் கவிழ்த்து உதறினாள். வேலைத் துணியைத் தனியாக ஊறவைத்தாள். அலமாரியிலிருந்து மெத்தை உறைவரை எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுத் தேடினாள்.

கிடைத்தது ஒன்றுதான். பாப்பாவின் தலையணையில், சுவரோரம், ஒரு கற்றை வெள்ளை மயிர்.

பஸ் ஓட்டுகிற புருஷன் வெளியூர் வண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவனிடம் காட்டினாள்.

"தலையணைப் பஞ்சா இருக்கும்," என்றான் அவன்.

"பஞ்சுக்கும் மயிருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? வீட்டுல ஏதோ இருக்குதுங்க. சாயங்காலம் ஆனா மூச்சு விடுது."

"நீதான் ஆபீஸ்லேருந்து ஒண்ணைக் கூட்டிட்டு வந்திருப்ப. வாடகை கேளு அதுகிட்ட." சிரித்துக்கொண்டே பையை மாட்டியவன் வாசலில் நின்றான். "பாப்பா கண்ணு எப்படி இருக்கு?"

"மருந்து பிரமாதமா கேக்குதுங்க. வித்தியாசம் நல்லாத் தெரியுது."

அவள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வேளையும் டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வலது கண் நாளுக்கு நாள் தெளிந்து வந்தது. இடது கண்ணின் சிவப்போடு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்தது. நேற்றைவிட இன்று வித்தியாசம் கூடுதல். அவ்வளவு வித்தியாசம் காட்டுகிற மருந்து நல்ல மருந்தாகத்தானே இருக்க வேண்டும்? வேலை திருத்தமாக நடக்கிறபோது வருகிற நிம்மதியோடு டார்ச்சை அணைத்தாள்.

புருஷன் போனபிறகு வீடு இன்னும் அடங்கிப்போனது. பாப்பாவும் அடங்கிப்போனாள். காலையில் எழுந்ததிலிருந்து வாயாடிக்கொண்டே இருக்கும் பிள்ளை, கேட்டதற்கு மட்டும் தலையாட்டியது. பிள்ளையைக் கூப்பிட வந்த அவளிடம் கீழ்வீட்டு அக்காவே சொன்னாள்.

"பிள்ளை இருக்கிற இடமே தெரியலை. விளையாட்டுச் சாமானைக் கொடுத்தாலும் தொடலை. கிட்டப் போனா உடம்பை இறுக்கிக்குது. அடிச்சியா என்ன?"

"நான் ஏங்க்கா அடிக்கப் போறேன்? கண்ணு வலி, அதான்."

"வலின்னா அழணுமே. அழ மாட்டேங்குதே."

அன்று சாயங்காலம் சமையலறையில் நின்றபோது, முதுகில் ஏதோ பார்வை விழுவது தெரிந்தது. குத்துகிற பார்வை இல்லை. எதையும் கேட்காத, எதையும் எதிர்பார்க்காத, பெட்டிகளின் வரிசையில் அவள் தினமும் நடந்துபோகும்போது இரண்டு பக்கமும் விழுகிற பார்வை. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு மெல்லத் திரும்பினாள். பாப்பா நின்றிருந்தாள். கதவு நிலைக்கு அப்பால் பாதி, இப்பால் பாதி. ஒரு பக்க முகம்தான் தெரிந்தது. வலது கண். தெளிந்த, அகலமான, சிமிட்டாத கண்.

"எவ்வளவு நேரமா நிக்கிறே?"

பாப்பாவின் மூக்கு மட்டும் லேசாகத் துடித்தது.

பாப்பா அசந்து படுத்த பிறகு வேறொரு சத்தம் வந்தது. நறநறவென்று, பல்லோடு பல் உரசுகிற சத்தம். முயலுக்கு வலி தாங்க முடியாமல் போனால் அது கத்தாது, பல்லைக் கடிக்கும். அவள் வேலை செய்யும் அறையில் சில நாட்களில் வரிசை முழுக்க அந்தச் சத்தம்தான். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடினாள். ஒற்றைச் செருப்பு கிடந்தது. உருண்டுபோன ஒரு பென்சில் கிடந்தது. சத்தம் அங்கே இல்லை. சத்தம் மேலே இருந்தது, மெத்தையில், சுவரைப் பார்த்து இடது கன்னத்தை அழுத்திப் படுத்திருந்த பாப்பாவின் வாயில்.

வயிற்றில் பூச்சி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். அப்படி நினைத்தபோது அவளுக்கு ஏனோ அழுகை வந்தது.

மறுநாள் மத்தியானத்துக்கு முன்னால் லேபுக்கு ஒரு விருந்தாளி வந்தாள். கம்பெனிக்கு விளம்பரம் எழுதித் தருபவள். புது மையின் அட்டைப் பெட்டியில் துள்ளிக் குதிக்கிற முயல் படம் ஒன்றைப் போட்டு, 'எந்த உயிரையும் வருத்தவில்லை' என்று எழுதலாமா என்று அவளுக்குச் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ள வந்திருந்தாள். சென்ட் அன்றைக்குக் கூடுதலாக மணத்தார்.

"தாராளமா போடலாம் மேடம். கடைக்குப் போற மையை நாம விட்டுப் பார்க்கலை. அதுல சேர்ற சரக்கைத்தான் விட்டுப் பார்க்கிறோம். மைக்காக எந்த உயிரும் வருந்தலை."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. விளம்பரக்காரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். எல்லாத் தலைகளும் அவளைப் பார்த்தன. வலது கண்களைப் பார்த்தவள் முகத்தைத் திருப்பி, இடது கண்களுக்கு வந்தாள்.

"இந்தக் கண்ணுல ஏன் ஒண்ணும் விடலை?"

"அது ஒப்பிட்டுப் பார்க்க, மேடம்," என்றாள் அவள். சொட்டு விட்டுக்கொண்டேதான் சொன்னாள். தலை நிமிரவில்லை. "ஒரு கண்ணுல மட்டும்தான் விடுவோம். இன்னொண்ணைச் சும்மா விட்டுடுவோம். அப்பத்தான் வித்தியாசம்..."

வாய் நின்றது. கை நின்றது. கட்டைவிரலில் முயலின் கீழிமை ஈரமாக இருந்தது.

சும்மா விட்டுடுவோம்.

காலையில் எந்தக் கண். நேற்று எந்தக் கண். நேற்று மத்தியானம். அதற்கு முந்தைய நாள். ஒவ்வொரு வேளையையும் ஞாபகத்தில் இழுத்துப் பார்த்தாள். எல்லா வேளையிலும் அவள் கட்டைவிரல் ஒரே பக்கம்தான் போயிற்று. மறுபக்கம் பஞ்சு. ஈரப் பஞ்சு மட்டும். டார்ச் அடித்துப் பார்த்தாளே. ஒவ்வொரு வேளையும் பார்த்தாளே. பார்த்துச் சந்தோஷப்பட்டாளே.

கையுறையைக்கூடக் கழற்றவில்லை. சென்ட் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். இரண்டு கதவையும் தள்ளிக்கொண்டு தெருவில் விழுந்தடித்து ஓடினாள். நல்ல வெயில். கடைகள் திறந்திருந்தன. யாரோ யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் இப்படியே நடந்துகொண்டிருப்பது அவளுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

"வெளிச்சம் கூசுதுன்னு மேல போயிடுச்சு," என்றாள் கீழ்வீட்டு அக்கா. "நான் கதவைச் சும்மா சாத்தித்தான் வச்சிருக்கேன்."

மாடிப்படி. கதவு. உள்ளே இருட்டு. திரையெல்லாம் இழுத்துவிட்டிருந்தது. புல் வாசனை முகத்தில் அடித்தது.

"பாப்பா."

மூக்குச் சத்தம் வேகமானது.

"பாப்பா, அம்மாதான்."

கட்டிலில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. துடைப்பம் வைக்கிற இடம், ஆள் நுழைகிற இடமே இல்லை. அதற்குள் பாப்பா இருந்தாள். உடம்பு முழுக்க உள்ளே. கை உள்ளே. கால் உள்ளே. தலை மட்டும் வெளியே.

"இங்க ஏம்மா உட்கார்ந்திருக்கே? வெளியே வா. வா, தங்கம்."

"கண்ணைத் தேய்க்கக் கூடாதுல்ல," என்றாள் பாப்பா. அமைதியாகத்தான் சொன்னாள். "இங்கன்னா கை வராது."

இழுத்து எடுத்தாள். தோள் சிராய்த்தது. பாப்பா ஒரு சத்தமும் போடவில்லை. இடது இமை வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. திறக்கத் தைரியம் வரவில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். வழி முழுக்க 'ஒண்ணும் ஆயிருக்காது, ஒண்ணும் ஆயிருக்காது' என்று முனகிக்கொண்டே போனாள். கழுத்தடியில் அந்தச் சின்ன மூக்கு காற்றை முகர்ந்துகொண்டே வந்தது.

டாக்டரம்மாவின் பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவைத்திருந்தார்கள். கண் பார்க்கும் மெஷின் மட்டும் மங்கலாக எரிந்தது. மோவாயை வைக்க ஒரு தாங்கி, நெற்றியைப் பதிக்க ஒரு பட்டை. மற்றக் குழந்தைகளை அதன்முன் உட்காரவைக்கத் தாஜா செய்ய வேண்டும். பாப்பா தானே போய் உட்கார்ந்தாள். தானே மோவாயை வைத்தாள். நெற்றி பட்டையில் பதிந்தது. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி இறக்கிக்கொண்டாள்.

"அட, இவ்வளவு அடக்கமான பிள்ளையை நான் பார்த்ததே இல்லை," என்றார் டாக்டரம்மா.

வெளிச்சம் வலது கண்ணில் விழுந்தது. பக்கத்துத் திரையில் அது பெரிதாகத் தெரிந்தது.

"சுத்தமா ஆறிடுச்சு. நல்லா விட்டிருக்கீங்க."

ஒட்டிய இமையை ஈரப்படுத்தி, விரலால் மெல்லத் திறந்தார். வெளிச்சம் இடப்பக்கம் நகர்ந்தது. டாக்டரம்மா இன்னும் கிட்டக் குனிந்தார்.

அவள் திரையைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை. வெந்த முட்டையின் வெள்ளை. ஓரத்தில் ரத்த நரம்புகள் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. எத்தனையோ தடவை பார்த்த வெள்ளைதான். ஒவ்வொரு தடவையும், பார்த்துவிட்டு, அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவாள்.

"ரெண்டு கண்ணுக்கும்தானே எழுதினேன்?" டாக்டரம்மாவின் குரல் மாறியிருந்தது. "இதுல மருந்தே விடலையா?"

அவள் வாயைத் திறந்தாள்.

"அது ஒப்பிட்டுப் பார்க்க, மேடம்," என்றாள் பாப்பா. மோவாயை எடுக்காமலே சொன்னாள். சிணுங்கல் இல்லை, மழலை இல்லை. தன் குரலையே வெளியிலிருந்து கேட்பதுபோல இருந்தது அவளுக்கு. "ஒரு கண்ணுல மட்டும்தான் விடுவாங்க. இன்னொண்ணைச் சும்மா விட்டுடுவாங்க."

வீட்டில் அவள் இதை ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வேலையைப் பற்றிய பேச்சே வீட்டில் கிடையாது. சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

டாக்டரம்மா இருவரையும் ஒருமுறை பார்த்தார். "பார்வை மிஞ்சுமான்னு என்னால சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். இருங்க, பேசிட்டு வர்றேன்," என்று மெஷினை அணைத்துவிட்டு வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

இருட்டு. மூக்குச் சத்தம்.

"வா பாப்பா. போகலாம்."

பாப்பா எழவில்லை. மோவாய் தாங்கியில். நெற்றி பட்டையில்.

"முடிஞ்சுதும்மா. எழுந்து வா."

அசையவில்லை. அவள் கிட்டப் போய்ப் பிடரியில் மெல்லக் கை வைத்தாள். தொட்டதும் அந்தச் சின்ன உடம்பு இறுகியது. பிறகு தளர்ந்தது. கீழே இறக்கியிருந்த பாப்பாவின் கை ஒன்று மெதுவாக மேலே வந்தது. கட்டைவிரல் கன்னத்தைத் தடவிப் போய் வலது கண்ணுக்கு அடியில் நின்றது. தெளிந்திருந்த அந்த நல்ல கண்ணின் கீழிமையைப் பிடித்து, வெளியே இழுத்து, சின்னக் கிண்ணம்போல ஏந்திக்கொண்டு, சிமிட்டாமல் பாப்பா காத்திருந்தாள்.